பெருந்தச்சனும் பைப்லைனும்

ஓர் அனிமேஷன் படம் முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கும். தியேட்டரில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். இருந்து பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும், அந்தப் பெயர்கள் லேசில் முடியாது. ஆனால் படம் என்னவோ ஒரே கையால் செய்ததுபோலத்தான் இருக்கிறது. முதல் காட்சியில் ஓடிவரும் சிறுமியும் கடைசிக் காட்சியில் அழும் சிறுமியும் ஒரே ஆள் என்று நம் கண் நம்பிவிடுகிறது. அவளை ஓடவைத்தவரும் அழவைத்தவரும் வெவ்வேறு நாட்டில் இருக்கலாம். ஒருவரை ஒருவர் கண்டேயிருக்கமாட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பது அனிமேஷன் படிக்க விரும்பும் பிள்ளைகளும், அவர்களைவிடக் கூடுதலாக அவர்களுடைய அப்பா அம்மாவும் கேட்கும் கேள்வி. 'பைப்லைன்' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். தலையாட்டுவார்கள்; விளங்கியிருக்காது. கொழும்பில் இருக்கும் தமிழருக்கு இதை விளக்கக் கோயிலைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். 1850களில் பொன்னம்பல முதலியார் கட்டுவித்த கோயில் அது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான காலத்தில் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். கும்பிட்டு முடிந்ததும் உடனே வெளியே வந்துவிடாமல், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அடுத்த தூணைப் பாருங்கள். எந்தத் தூண் எந்தச் சிற்பியின் கை என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? எத்தனை உளிகள் வேலை செய்திருக்கும்! பெயர்கள் ஓடும் அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பதும் இதே கதைதான்.

முதலில் பைப்லைனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதையை எழுதி, அதைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்ப்பது ஸ்டோரிபோர்ட். அந்தப் படங்களைக் குரலோடும் நேரக் கணக்கோடும் வரிசையாக ஓடவிட்டால் அனிமேட்டிக். பாத்திரங்களைக் கணினியில் உருவமாகச் செய்வது மொடலிங். அந்த உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் வைப்பது ரிக்கிங். கமரா எங்கே நிற்கும், பாத்திரம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தீர்மானிப்பது லேஅவுட். அதற்குப் பிறகுதான் அசைவு, ஒளி, பிறகு கணினி ஒவ்வொரு படத்தையும் கணக்கிட்டு முடித்துத் தரும் ரெண்டர். கடைசியில் எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்கும் கொம்பொசிட்டிங். ஒருவர் முடித்துக் கொடுத்ததை வாங்கி அடுத்தவர் தன் வேலையைச் செய்வார். கையால் வரையும் படத்தில் சில பெயர்கள் மாறும். ஒழுங்கு பெரிதாக மாறாது.

இதில் தொடக்கத்திலேயே நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டியவை இரண்டு: ஒன்று அளவு, மற்றது நிலை. மற்றதெல்லாம் வேலைக்குப் போனால் தானாகக் கைக்கு வரும்.

அளவில் தொடங்குவோம். சிற்ப நூல்கள் சிலையின் உயரத்தைத் தாலக் கணக்கில் சொல்கின்றன. முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். இந்த அங்குலத்தை உங்கள் அடிமட்டத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. உத்தம தசதாலத்தில், அதாவது பத்துத் தாலத்தின் 120 அங்குலத்தோடு நான்கு கூடிய வகையில், ஒரு சிலை என்றால் அதன் மொத்த உயரத்தை 124 பங்காக்குவார்கள். அதில் ஒரு பங்குதான் அந்தச் சிலைக்கு அங்குலம். 62 சென்ரிமீற்றர் உயரமான சிலைக்கு அங்குலம் 5 மில்லிமீற்றர். சிலையின் உயரம் 2 மீற்றர் 48 சென்ரிமீற்றர் என்றால் அங்குலம் 2 சென்ரிமீற்றராகிவிடும். கழுத்துக்கு இத்தனை அங்குலம், மார்புக்கு இத்தனை, முழங்காலுக்கு இத்தனை என்ற கணக்கு மட்டும் மாறாது. சிலை மேசையில் வைக்கும் அளவாக இருந்தாலும் ஆளைவிட உயரமாக இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான்.

எல்லா உருவத்துக்கும் ஒரே தாலம் போடுவதில்லை. சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம். தேவியருக்கு 120 பங்குள்ள மத்திம தசதாலம். பிள்ளையாருக்கு ஐந்தே தாலம். பிள்ளையார் குழந்தைபோலத் தெரிவதற்கு வயிறு மட்டும் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, குழந்தைகளுக்கும் அப்படித்தானே.

சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை செய்பவர்கள் இந்தக் கணக்கைத் தென்னோலையில் வைத்திருக்கிறார்கள். ஈர்க்கை நீக்கிய ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாலக் கணக்குப்படி மடித்து மடித்து அடையாளம் வைப்பார்கள். இதற்கு ஒடியோலை என்று பெயர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடிக்கும்போது அந்த ஓலையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்வார்கள். நெற்றி இந்த மடிப்பில், நாடி அந்த மடிப்பில். எண்ணே படிக்கத் தேவையில்லை. பட்டறையில் நாலு பேர் நாலு சிலையில் வேலை செய்தாலும் ஒரே குடும்பச் சாயல் வந்துவிடும்.

ஸ்டூடியோவில் ஒடியோலையின் வேலையைச் செய்வது மொடல் ஷீட். ஒரு தாளில் அதே பாத்திரம் முன்பக்கம், பக்கவாட்டு, முக்கால் பக்கம், பின்பக்கம் என்று வரிசையாக நிற்கும். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை குறுக்குக் கோடுகள் போயிருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையில் ஒரு தலை உயரம். வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. வீரனாகக் காட்டவேண்டியவனுக்கு எட்டு அல்லது அதற்கும் மேல் கொடுப்பார்கள். சின்னப் பிள்ளைகளின் கார்ட்டூனில் பாத்திரங்கள் இரண்டு மூன்று தலை உயரத்தில் உருண்டு திரண்டு நிற்கும். பிள்ளையாருக்குச் செய்த அதே உபாயம். தலைமயிர் எந்தப் பக்கம் வகிடு, கையில் எத்தனை விரல், சிரிக்கும்போது பல் தெரியுமா என்பதுகூட அந்தத் தாளில் இருக்கும். பத்துத் தாலம் என்றவுடன் பத்துத் தலை உயரம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். தாலம் முகத்தின் நீளம். ஸ்டூடியோக்காரர் எண்ணுவது உச்சி முதல் நாடி வரையான முழுத் தலை. அதனால் தசதாலச் சிலை பத்துத் தலை உயரத்தைவிடக் குறைவாகவே வரும்.

இதைச் சரிபார்க்கத் தஞ்சாவூருக்குப் போகவேண்டியதில்லை. கொழும்பு தேசிய நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்த வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. சோழர் காலக் கலை மரபில் வந்த நடராசர், பார்வதி, நாயன்மார் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தலையின் உயரத்தைப் பெருவிரலால் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவைக் கீழே கீழே நகர்த்தி எண்ணுங்கள். நேராக நிற்கும் சிலையில் தொடங்குவது நல்லது. நடராசரில் தொடங்கினால் தூக்கிய திருவடி கணக்கைக் குழப்பிவிடும். காவலாளி ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பரவாயில்லை.

சரி, நிலைக்கு வருவோம்.

படம் ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாத சட்டங்கள், ஓடுகிறது. கையால் வரையும் படங்களில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் விநாடிக்கு 12 படம். அதையெல்லாம் ஒருவரே முதலிலிருந்து கடைசி வரை வரைந்துகொண்டு போவதில்லை. தேர்ந்த ஓவியர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அவைதான் கீஃபிரேம். ஒரு பையன் பந்து எறிகிறான் என்று வையுங்கள். கையைப் பின்னுக்கு இழுத்து உடம்பு முறுகிய நிலை ஒன்று, பந்து கையை விடும் நிலை ஒன்று, எறிந்த வேகத்தில் உடம்பு முன்னால் சாய்ந்த நிலை ஒன்று. இடையில் வருவனவற்றை இளையவர்கள் வரைவார்கள். இப்போது கணினி போடுகிறது. கீஃபிரேம் சரியில்லையென்றால் இடையில் எத்தனை படம் போட்டாலும் அசைவு உயிர் பெறாது.

ஓடும் அசைவிலிருந்து ஒரு கணத்தைத் தெரிந்தெடுக்கும் இந்த வேலையில் நம்முடைய சிற்பிகள் மன்னர்கள். பரத சாத்திரம் 108 கரணங்களைச் சொல்கிறது. கரணம் என்பது கையும் காலும் சேர்ந்து செய்யும் ஓர் அசைவு. தொடக்கமும் முடிவும் உள்ளது. சிற்பிக்குக் கிடைப்பதோ அசையாத ஒரு கல். முழு அசைவையும் நினைவுபடுத்தக்கூடிய ஒரே ஒரு கணத்தை அவர் தெரிந்தெடுக்கவேண்டும். தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் மேல்தளத்தில், கருவறையைச் சுற்றிய உட்சுற்றில், சிவனே ஆடுவதாக இந்தக் கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 81 முடிந்திருக்கின்றன. மிச்சம் 27க்கு வைத்த கல் வெறும் கல்லாகவே இருக்கிறது. ஏன் நின்றுபோனது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு அந்த வெற்றுக் கற்களில்தான் ஆர்வம். எந்த நிலை எந்த இடத்தில் வரவேண்டும் என்ற கணக்கு முதலிலேயே முடிந்துவிட்டது, செதுக்குவது மட்டும்தான் பாக்கி என்பதை அவை காட்டுகின்றன. படத்தின் நீளத்துக்குக் கட்டங்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக நிரப்புவது ஸ்டோரிபோர்ட் ஆட்களுக்கு அன்றாட வேலை.

நடராசரின் சடையைக் கவனியுங்கள். சோழர் காலத்து வார்ப்புகள் பலவற்றில் அது இரண்டு பக்கமும் விரிந்து பறக்கும். இடையில் கட்டிய துணியின் நுனியும் ஒரு பக்கமாக வீசி நிற்கும். உடம்போ நடுக்கோட்டில் அசையாத சமநிலையில் இருக்கிறது. அப்படியானால் சுழற்சியை நமக்குச் சொல்வது எது? அந்தச் சடையும் துணியும்தான். அனிமேஷன் வகுப்பில் இதையே தனிப் பாடமாக நடத்துவார்கள். பாத்திரம் சட்டென்று நின்றாலும் அதன் பின்னல் கொஞ்சம் பிந்தித்தான் நிற்கவேண்டும். பாவாடை இன்னும் ஒரு தடவை ஆடி அடங்கவேண்டும். எல்லாம் ஒரே ஃபிரேமில் நின்றால் மரப்பாச்சி மாதிரி இருக்கும்.

உடம்பின் வளைவுக்கும் கணக்கு உண்டு. உச்சியிலிருந்து பாதம் வரை மனத்துக்குள் ஒரு தூக்குநூல் விட்டு, மூக்கு, மார்பு, தொப்புள் முதலிய இடங்கள் அந்த நூலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று சிற்பி அளப்பார். விலகல் இல்லாமல் நேரே நின்றால் சமபங்கம். மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம். அனிமேட்டரும் வரையத் தொடங்குமுன் உடம்பு முழுவதற்கும் ஒரே வளைகோடு போட்டுக்கொள்வார். அந்தக் கோடு செத்திருந்தால் மேலே எவ்வளவு வடிவாக வரைந்தும் பிரயோசனமில்லை.

அளவும் நிலையும் விளங்கிவிட்டால் வேலைப் பிரிவினை தானாக விளங்கும். சிற்ப நூல்கள் நான்கு வகைப் பணியாளரைச் சொல்கின்றன. முழுவதையும் மனத்தில் வைத்து நடத்துபவர் ஸ்தபதி. நூல் பிடித்து அளவு குறிப்பவர் சூத்திரகிராகி. வெட்டிச் செதுக்குபவர் தட்சகர். பகுதிகளைப் பொருத்தி இணைப்பவர் வர்த்தகி. இவர்களை இயக்குநர், லேஅவுட்காரர், மொடலர், கொம்பொசிட்டர் என்று ஒன்றுக்கொன்று நேராக நிறுத்திவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு ஒழுங்காகப் பொருந்தாது. நூல் பிடிப்பவர் ஸ்டூடியோவில் ரிக் செய்பவராகவும் இருக்கலாம், ஃபிரேம் கணக்கைக் காப்பவராகவும் இருக்கலாம். பொருந்துவது ஓர் இடத்தில்தான்: கண்ணால் பார்த்து முடிவெடுப்பவர் வேறு, அந்த முடிவை அளவாக மாற்றுபவர் வேறு, கையால் செய்பவர் வேறு. இந்த மூன்றையும் ஒரே ஆள் செய்யும் படம் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவது கஷ்டம்.

கடைசியில் ஓடும் பெயர்களுக்கும் நம்மிடம் முன்னோடி உண்டு. 1010ஆம் ஆண்டளவில் முடிந்த தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டில் முதலாம் இராசராசன், அக்கன், பெண்டுகள், பெரிய அதிகாரிகள் என்று கொடுத்தவர்களோடு நிற்காமல், கோயில் வேலைக்காரர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் தலைமைத் தச்சன். அவனுக்குத் துணையாக நித்தவினோதப் பெருந்தச்சனும் கண்டராதித்தப் பெருந்தச்சனும். ஆடல்மகளிர் 400 பேருக்கு, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை குறித்திருக்கிறார்கள். நாவிதரின் பெயரும் இருக்கிறது. கல்லை உடைத்தவர்கள், சாரத்தில் ஏற்றியவர்கள், கரணங்களைச் செதுக்கிய கைகள்? அந்தப் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஸ்டூடியோக்களிலும் இடைப்படம் வரைந்தவர்கள் பெயரில்லாமல் போன காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூன்கள் பலவற்றைத் தென்கொரியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இருந்தவர்களே வரைந்து கொடுத்தார்கள். வெளிநாட்டுப் படத்துக்கு இங்கிருந்து வேலை செய்யப் போகிற பிள்ளைகள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கமுன், பெயர் வருமா என்று ஒருக்கால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலையின் ஒழுங்கு. கழுகுமலையில் வெட்டுவான் கோயில் என்று எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கோயில் ஒன்று உண்டு. மலையைக் குடைந்து தனிப் பாறையாக்கி, அந்தப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சிகரமும் அதைச் சுற்றிய உருவங்களும் அற்புதமாக முடிந்திருக்கின்றன; கீழ்ப்பகுதி வேலை முடியாத கல். மேலிருந்து தொடங்கியதில் பெரிய வசதி இருக்கிறது. பாறையே சாரமாக நிற்கும். உடைந்து விழும் கல் கீழே இருக்கும் வெறும் பாறையில்தான் விழும், முடித்த வேலையில் விழாது. எல்லோராவில் கைலாசநாதர் கோயிலை வெட்டியவர்களும் இப்படித்தான் இறங்கி வந்தார்கள்.

பைப்லைனின் ஒழுங்கும் இதே யோசனையில்தான் அமைகிறது. பிந்திச் செய்யும் வேலை முந்திச் செய்ததைக் கெடுக்கக் கூடாது. ஒரு விளம்பரப் படத்தில் யானைக்குட்டி ஒன்றுக்கு அசைவெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, பணம் கொடுத்தவர்கள் பார்த்துவிட்டு "தும்பிக்கையைக் கொஞ்சம் நீட்டினால் வடிவாயிருக்குமே" என்றார்கள். கொஞ்சம்தான். மொடலில் நீட்டுவதற்குச் சில நிமிடம் போதும். ஆனால் உள்ளே வைத்த மூட்டுகள் பழைய நீளத்துக்கு வைத்தவை, அசைவு பழைய மூட்டுகளுக்குக் கொடுத்தது. திறந்து பார்த்தால் குட்டி நடக்கும் காட்சி எல்லாவற்றிலும் தும்பிக்கை நிலத்துக்குள் போய்விட்டது. வாழைப்பழம் எடுக்கும் காட்சியில் பழத்தை ஊடறுத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. ஒவ்வொரு காட்சியாகத் திரும்பச் செய்யவேண்டியதாயிற்று. இதற்காகத்தான் ஸ்டூடியோக்களில் மொடலைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் யார் கேட்டாலும் மாற்றமில்லை. மாற்றுகிறவர்கள் அனிமேட்டிக் நிலையிலேயே மாற்றிக்கொள்ளவேண்டும். தாளில் அழிப்பது மலிவு.

இன்னும் இரண்டு ஒற்றுமையை மேலோட்டமாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் தளங்களில் மூலைக்கு ஒரு கூடம், நடுவில் ஒரு சாலை, இடையில் பஞ்சரம் என்று சின்னச் சின்னக் கோயில் வடிவங்களே திரும்பத் திரும்ப வரும்; மேலே போகப் போக அளவு சிறுக்கும். கணினியில் ஒரு மரத்தைச் செய்து, அதையே அளவு மாற்றிக் காடாக்குவதும் இந்த வேலைதான். இரண்டாவது, பாலஸ்தாபனம். கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும்போது மூர்த்தியைப் பாலாலயம் என்ற தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்து பூசையைத் தொடர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருப்பணியும் நடக்கும், பூசையும் நிற்காது. ஸ்டூடியோவில் பாரமான மொடல் இன்னும் தயாராகாத வேளையில் அதன் இடத்தில் இலேசான ஒன்றை வைத்து வேலையைத் தொடர்வார்கள். அதற்குப் புரொக்ஸி என்று பெயர். பக்தி விஷயத்தையும் கணினி விஷயத்தையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. வேலை நிற்கக்கூடாது என்ற யோசனை இரண்டிலும் ஒன்று.

ரெண்டரைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 ஃபிரேம். ஒரு ஃபிரேமைக் கணக்கிட ஒரு கணினிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 240 மணி நேரம், அதாவது முழுதாகப் பத்து நாள். அதனால்தான் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாகக் கட்டி ஓடவிடுகிறார்கள். கல் சுமந்த யானைகளின் இடம் அது.

பொருந்தாத இடங்களும் இருக்கின்றன. கணினியில் ஒரு விசையை அழுத்தினால் செய்தது அழிந்து பழைய நிலை வரும். சிற்பியிடம் அந்த விசை இல்லை. மூக்கு உடைந்தால் உடைந்ததுதான். அடுத்தது கண். சிலையில் கண் திறப்பதைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள், அதற்கென்று கிரியையே உண்டு. அனிமேட்டருக்குக் கண் முதலில் வரவேண்டும்: பாத்திரம் திரும்பும்போது பார்வை முந்தித் திரும்பும், தலை அதன்பின் வரும், தோள் அதற்கும் பின். மூன்றாவது, கோயிலில் உருவங்கள் நிற்கும், நாம் நகருவோம். தாராசுரத்தில் பெரியபுராணக் கதைகளைச் சிறு சிறு சிற்பங்களாக வரிசையில் வைத்திருக்கிறார்கள். கதை ஓடவேண்டுமென்றால் நீங்கள் நடக்கவேண்டும். படத்தில் நாம் இருப்போம், உருவங்கள் நகரும்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். பிளெண்டர் என்ற மென்பொருள் இலவசம். சாதாரண கணினியில் ஓடும். அதற்கு முன்னால் தாளில் ஒரு பாத்திரம் வரைந்து, தலைக் கணக்கு எழுதி, முன்பக்கமும் பக்கவாட்டும் கோடு பிடித்துச் சரிபாருங்கள். அப்புறம் அதை 24 ஃபிரேமில் இரண்டு அடி நடக்கவையுங்கள். ஒவ்வோர் அடிக்கும் நான்கு நிலை போதும்: குதிக்கால் நிலத்தில் படுவது, உடம்பு தாழ்வது, ஒரு கால் மற்றக் காலைக் கடப்பது, உடம்பு எழும்புவது. இடைப்படங்களைக் கணினியிடம் விடுங்கள். அது எல்லாவற்றையும் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரித்தான் போட்டுத் தரும்; பாதம் நிலத்தில் சறுக்கும், கை தண்ணீருக்குள் ஆடுவதுபோல ஆடும். பாதத்தை முதலில் பிடித்து நிறுத்துங்கள், பிறகு இடுப்பு, கையைக் கடைசியில் பார்க்கலாம்.